லோ-கார்பன் கண்ணாடி: கொட்டேஷனில் எழுதாத கணக்கு

கண்ணாடி வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது மூன்று ‘லோ’க்கள். லோ-இ, லோ-அயர்ன், லோ-கார்பன். மூன்றும் ஒரே குடும்பம் போலத் தோன்றும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. லோ-இ என்றால் கண்ணாடியின் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் படலம் பூசியது. வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். லோ-அயர்ன் என்றால் இரும்புச்சத்து குறைந்த மணலில் செய்தது. ஓரத்தில் பச்சை அடிக்காது, வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே விடும். லோ-கார்பன் பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடியேதான். உலையில் அதை உருக்கியபோது வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அறைக்குள் வரும் வெயிலை அது தானாக ஒரு வாட் கூடக் குறைக்காது.

கணக்குக்கு ஒரே ஒரு எண் போதும்: 1 மி.மீ. தடிமன், 1 சதுர மீட்டர் பரப்பு, 2.5 கிலோ எடை. 4 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு 10 கிலோ, 6 மி.மீ. 15 கிலோ. 6-12-6 என்று எழுதும் இரட்டைக் கண்ணாடியில், அதாவது டிஜியுவில், நடுவில் உள்ள 12 வெறும் இடைவெளி. கண்ணாடி மட்டும் 30 கிலோ.

இந்தக் கிலோக்களில் கார்பன் எப்படி வருகிறது? மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல், டாலமைட், கொஞ்சம் சோடியம் சல்பேட், இவைதான் சாமான். 1,550 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கி, உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக இழுக்கிறார்கள். ‘ஃப்ளோட்’ என்ற பெயர் அதனால்தான். இங்கே அடுப்பு மட்டும் புகைவதில்லை, அடுப்பில் போடும் சாமானும் புகைகிறது. ஒரு டன் சோடா ஆஷ் உருகும்போது 415 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும். சுத்தமான சுண்ணாம்புக்கல் என்றால் 440 கிலோ, டாலமைட் 477 கிலோ. மொத்தத்தில் சுமார் முக்கால்வாசி எரிபொருளிலிருந்து, கால்வாசி சாமானிலிருந்து. அதனால் கேஸுக்குப் பதில் ஹைட்ரஜன் எரித்தாலும் அந்தக் கால்வாசி அப்படியே நிற்கும்.

இன்னொரு தொல்லை, இந்த உலையை நினைத்தபோது அணைக்க முடியாது. தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. பதினைந்து வருடத்துக்கு மேல் இரவு பகலாக எரியும். உலையின் அடிப்படை அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் அதை இடித்துத் திரும்பக் கட்டும் காலம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஓடுகிற உலையிலேயே இன்றைக்கே செய்யக்கூடிய பெரிய மாற்றம் உடைசல் கண்ணாடியைக் கூடுதலாகப் போடுவது. தொழிலில் இதற்குக் கல்லட் என்று பெயர். ஏற்கெனவே ஒருமுறை உருகியது என்பதால் விட வேண்டிய வாயுவையெல்லாம் அது விட்டாயிற்று. உருகவும் குறைந்த வெப்பம் போதும். 10% கல்லட் கூட்டினால் உலையின் எரிசக்தி 2.5 முதல் 3% குறையும். ஒரு டன் கல்லட் சுமார் 1.2 டன் புதுச் சாமானுக்குப் பதிலாகிறது. உலைப் புகையில் மட்டும் அதனால் தவிர்க்கப்படுவது சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

2022-ல் பிரான்ஸின் அனிஷ் ஆலையில் செயின்ட் கோபெய்ன் 100% கல்லட், பயோகேஸ், கார்பனில்லா மின்சாரம் என்று வைத்துச் சில நாள் தட்டைக் கண்ணாடி ஓட்டிக் காட்டியது. அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் பில்கிங்டன் ஹைட்ரஜனில் உருக்கிப் பார்த்தது. இவையெல்லாம் சோதனை. கடைக்கு வந்த சரக்கு வேறு. செயின்ட் கோபெய்னின் ஓரே என்ற ரகம் சுமார் 64% கல்லட் போட்டு, 4 மி.மீ. பலகைக்குச் சதுர மீட்டருக்கு 6.64 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று அறிவித்தது. ஏஜிசி 5.5 கிலோவுக்குக் கீழே என்கிறது. நம்மூரில், ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் ஃப்ளோட் உலை ஓட்டிவரும் அதே செயின்ட் கோபெய்ன், 2023-ல் வழக்கமான சரக்கைவிட 40% குறைவு என்று சொல்லி இந்தியாவில் லோ-கார்பன் ரகத்தை இறக்கியது.

சரி, 40% என்று நம்பி வாங்குகிறோம். கட்டடத்துக்கு அந்த 40% வந்து சேருகிறதா? பெரும்பாலும் முழுசாகச் சேராது. போகிற ஓட்டைகள் எங்கே என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டை காகிதத்தில். 6.64 என்பது 4 மி.மீ., பூச்சில்லாத, டஃபன் செய்யாத (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றாத), வெறும் பலகைக்கான எண். உங்களுக்கு வருவது 6 மி.மீ., பூச்சு போட்டு, 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி டஃபன் செய்து, டிஜியுவாக ஒட்டியது. டஃபன் உலையின் மின்சாரம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் வைக்கும் ஸ்பேசர் பட்டை, ஒட்டும் சீலன்ட், போக்குவரத்து எதுவும் அந்த எண்ணில் இல்லை. சப்ளையர் தரும் இ.பி.டி.யில், அதாவது சரக்கின் சுற்றுச்சூழல் கணக்கை அறிவிக்கும் ஆவணத்தில், மூன்று இடத்தைப் பாருங்கள். எந்தத் தடிமனுக்கு என்று எழுதியிருக்கிறது? ஏ1 முதல் ஏ3 வரை (மூலப்பொருளிலிருந்து ஆலை வாசல் வரை) மட்டுமா, அதற்கு மேலும் உண்டா? செல்லுபடியாகும் தேதி என்ன? சாதாரணமாக ஐந்து வருடம்தான். இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஒன்று 4 மி.மீ.க்கு, இன்னொன்று 6 மி.மீ.க்கு என்று இருந்தால் கிலோவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். 6.64-ஐ 10 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 0.66, அது 40% குறைவு என்றால் வழக்கமான சரக்கு கிலோவுக்கு 1.1-ஐ ஒட்டி வரும். இந்த இரண்டு எண்களை வைத்தே கீழே கணக்குப் போடுகிறேன்.

‘மறுசுழற்சிச் சரக்கு இத்தனை சதவீதம்’ என்ற வரியிலும் ஒரு சங்கதி உண்டு. ஆலைக்குள்ளேயே வெட்டி விழுந்த ஓரத்தைத் திரும்ப உலையில் போடுவது மறுசுழற்சிக் கணக்கில் சேராது, ஐ.எஸ்.ஓ. 14021 விதி அப்படி. வெளியே வெட்டுக்கூடங்களிலிருந்து வருவது சேரும். பழைய ஜன்னலிலிருந்து வருவது இன்னும் உசத்தி. சதவீதத்தைக் கேட்கும்போது இந்த மூன்றையும் பிரித்துக் கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம்.

இரண்டாவது ஓட்டை வெட்டுமேஜையில். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆர்க்கிடெக்ட் ஒரு கோடு நகர்த்தினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பலகை அளவு ஒன்று 3660 × 2440 மி.மீ. உங்கள் முகப்பில் ஒரு கண்ணாடி 1250 அகலம், 2400 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2440 பக்கத்தில் உயரம் உட்கார்ந்துவிடும். 3660-ல் 1250 இரண்டுதான் போகும், 1160 மி.மீ. பட்டை மிச்சம். பலகையில் 67% தான் பயன்பட்டது. அதே கண்ணாடியை 1200 ஆக்குங்கள். மூன்று போகும், 3600 ஆயிற்று. மிச்சம் 60 மி.மீ. ஓரம் தட்டவே சரியாக இருக்கும். உயரத்திலும் 40 மிச்சம், பக்கத்துக்கு 20. பயன்பாடு 97%. 50 மி.மீ. நகர்த்தியதில் முப்பது சதவீதப் புள்ளி!

இதைக் கார்பனாக்கிப் பாருங்கள். 4 மி.மீ. லோ-கார்பன் பலகையை 67%-ல் வெட்டினால், சுவரில் ஏறிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 9.9 கிலோ விழுகிறது. சாதாரணப் பலகையை 97%-ல் வெட்டினால் 11.4. ஆக, 40% என்று காசு கொடுத்தது சுமார் 14%-ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 1160 பட்டையை வேறு சிறு ஜன்னலுக்குப் போட்டால் கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூச்சுப் போட்ட கண்ணாடியின் மிச்சத்துக்கு வேறு வேலை அமைவது லேசில்லை, பூச்சு காற்றில் கிடந்து கறுக்கும். எனவே எலிவேஷன் வரையும்போதே வெட்டுக்கூடத்தில் எந்தப் பலகை இருப்பில் வரும் என்று கேட்டுவிடுங்கள். 6000 × 3210 ஜம்போ என்றால் உகந்த அகலம் வேறாக வரும்.

மூன்றாவது, தடிமன். “பாதுகாப்புக்கு ரெண்டு எம்.எம். கூடவே இருக்கட்டும்” என்று சொல்வது எளிது. 1,000 சதுர மீட்டர் முகப்பில் இரண்டு பக்கக் கண்ணாடியும் 6-க்குப் பதில் 8 என்றால் 10 டன் கண்ணாடி கூடுகிறது. லோ-கார்பன் சரக்கிலேயே அது 6.6 டன் கார்பன். அந்த முகப்பில் 6-12-6 போட்டு லோ-கார்பனுக்கு மாறியதில் மிச்சம் பிடித்தது 13 டன் சொச்சம். அதில் பாதி போயிற்று. காற்றழுத்தத்தை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகப்படி, தடிமனை ஐ.எஸ். 16231 படி கணக்குப் போட்டு வாங்குங்கள். அதேபோல் கணக்கில்லாமல் குறைக்கவும் கூடாது. சென்னைக் கடற்கரையில் பத்தாவது மாடிக்குத் தரைத்தள அளவு போதாது. மூலையில் உறிஞ்சும் காற்று நடுச்சுவரைவிடப் பலமானது.

இனி வெயில். லோ-கார்பன் வாங்கும் ஆர்வத்தில் எஸ்.ஹெச்.ஜி.சி. எண்ணைக் கோட்டைவிடுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை. விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதே அந்த எண். மாலை நேரம் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று வைப்போம். 0.50 உள்ள கண்ணாடி 250 வாட் விடும், 0.27 உள்ளது 135. வித்தியாசம் 115 வாட். 100 சதுர மீட்டர் மேற்குக் கண்ணாடிக்கு 11.5 கிலோவாட், அதாவது மூன்று டன்னுக்கு மேல் ஏசி. கட்டடம் இருக்கும் வரை ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ஏசி ஓட வேண்டும். நல்லவேளையாக இரண்டில் ஒன்று என்று தேர்ந்தெடுக்கும் நிலை இல்லை. அதே வெயில் தடுப்புப் பூச்சை லோ-கார்பன் பலகை மேலும் போடலாம். இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்.

வணிகக் கட்டடங்களுக்கான 2017 எரிசக்தி விதியில், நம்முடைய வெப்பநிலைப் பகுதிக்கு அதிகபட்சம் 0.27. வடக்குச் சுவருக்கு 0.50 வரை சலுகை உண்டு, ஆனால் 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கு மட்டும். தமிழ்நாடு முழுவதும் அந்தக் கோட்டுக்குத் தெற்கே. காரணம் எளிது: ஜூன் மாதம் சூரியன் சென்னைக்கு வடக்கே நின்று அடிக்கிறது. டெல்லிக்காரர் எழுதிய ஸ்பெசிஃபிகேஷனை அப்படியே எடுத்து வடக்குப் பக்கம் லேசான கண்ணாடி போட்டால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அதே விதியில் யு-மதிப்பு (உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடத்தலாகும் வாட்) 3.0-க்கு மேல் போகக்கூடாது, ஜன்னல் பரப்பு சுவரில் 40%-ஐத் தாண்டக்கூடாது. ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு 5.7 ஒட்டி வரும் என்பதால் பெரிய ஆபீஸ்களுக்கு டிஜியு தவிர்க்க முடியாது. வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளியே 36 டிகிரி, உள்ளே 24 என்றால் ஒற்றைக் கண்ணாடி வழியே கடத்தலால் வருவது சதுர மீட்டருக்கு 68 வாட். லோ-இ பூசிய நல்ல டிஜியு, யு-மதிப்பு 1.8 என்றால் 22. மிச்சம் 46 வாட், அதுவும் ஏசி ஓடும் நேரத்தில் மட்டும். வெயிலை நிறுத்தியதில் கிடைத்த 115-ஐ இதோடு ஒப்பிடுங்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டாவது கண்ணாடி போட்டு எடையைக் கூட்டுவதைவிட, ஒற்றை வெயில் தடுப்புக் கண்ணாடியும் இரண்டடி சன்ஷேடும் போதும் என்பது என் கட்சி. ஏசி ராத்திரி பகலாக ஓடும் வீடு என்றால் மறுபடி கணக்குப் போட வேண்டியதுதான்.

டிஜியு போடுவதென்றால் அது உழைக்க வேண்டும். 25 வருடம் நிற்க வேண்டியது எட்டு வருடத்தில் உள்ளே பனி பிடித்தால் அந்த முழுக் கார்பனும் திரும்ப ஒருமுறை செலவு. பனி பிடிக்க முக்கியக் காரணம் கண்ணாடி நிற்கும் அடிப்பள்ளத்தில் தேங்கும் தண்ணீர். அலுமினிய ஃபிரேமின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை போட்டிருப்பார்கள். கண்ணாடியைத் தாங்கும் ரப்பர் கட்டையை அந்த ஓட்டை மேலேயே வைத்துவிடுவது ஃபிட்டர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. கட்டைகள் அகலத்தின் கால்பங்கு இடங்களில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டு கண்ணாடியின் அடியும் கட்டை மேல் முழுசாக உட்கார வேண்டும். முகப்பில் ஃபிரேம் தெரியாமல் ஒட்டும் ஸ்ட்ரக்சுரல் கிளேசிங்கில், டிஜியுவின் ஓரத்தை வெளிப்புறம் அடைக்கும் இரண்டாம் சீல் சிலிகானாகவே இருக்க வேண்டும். பாலிசல்பைடு விலை குறைவுதான், ஆனால் வெயிலின் புறஊதாக் கதிரில் கெட்டுப்போகும்.

பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்று சைட்டிலேயே பார்த்துவிடலாம். வெளியே நின்று லைட்டரைக் கண்ணாடிக்கு அருகில் பிடியுங்கள். நான்கு முகத்துக்கு நான்கு சுடர் பிரதிபலிக்கும். ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். வெளியிலிருந்து எண்ணி அது இரண்டாவதாக இருந்தால் சரி. மூன்றாவதாக இருந்தால் யூனிட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். யு-மதிப்பு மாறாது, ஆனால் வெயில் கூடுதலாக உள்ளே வரும்.

இந்த மாதிரி லைட்டர் வித்தை எதுவும் லோ-கார்பனுக்குக் கிடையாது. தட்டிப் பார்த்தோ, வெட்டிப் பார்த்தோ, ஓர நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. காகிதம்தான் சாட்சி. வெட்டுக்கூடத்தில் இரண்டு சரக்கும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் நிற்கும். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எண்ணால் பிடிக்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் டிஜியுவுக்கு 2,000 சதுர மீட்டர் கண்ணாடி. 97% வெட்டில் 2,070-ஆவது பலகையாக வாங்கியிருக்க வேண்டும். ஆலையிலிருந்து வெட்டுக்கூடத்துக்கு வந்த இன்வாய்ஸில் 1,400 தான் லோ-கார்பன் என்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே நிபந்தனையாகப் போட்டால்தான் பிறகு கேட்க முடியும். உள்பக்கக் கண்ணாடியும் லோ-கார்பனா என்பதையும் தனியாக எழுதுங்கள். ‘வெளிப்பக்கம் மட்டும்’ என்று முடித்துவிடுவது சகஜம்.

கல்லட் கூடினால் தரம் குறையுமா என்ற சந்தேகம் நியாயமானது. சுத்தமான கல்லட் என்றால் குறையாது. அழுக்கான கல்லட் வில்லங்கம். ஒரு சின்ன அலுமினிய ரிவிட் கல்லட்டோடு உலைக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? உலைச் சூட்டில் அலுமினியம் மணலின் சிலிக்காவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். தனித்து நின்ற சிலிக்கான், கடுகு போலக் கறுப்பு மணியாகக் கண்ணாடிக்குள் தங்கிவிடும். (ஒட்டுகிற சிலிகான் வேறு, இந்தச் சிலிக்கான் வேறு.) மணி விரிந்து சுருங்கும் அளவும் கண்ணாடியினுடையதும் வேறு, ஆறும்போது மணியைச் சுற்றி விரிசல் ஓடும், டஃபன் உலையில் வெடிக்கும். டைல்ஸ் துண்டு, செங்கல் பொடி, அடுப்பு மேலே வைக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடி, இவை உருகாமல் கல்லாக நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துணுக்கிலிருந்து நிக்கல் வந்தால் கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் சல்பைடு ஆகும். டஃபன் கண்ணாடி மாட்டி வருடக்கணக்கான பிறகு ஒரு நாள் யாரும் தொடாமலே பொலபொலவென்று கொட்டுவதற்கு அதுவே காரணம். தலைக்கு மேலும் நடைபாதை ஓரத்திலும் வரும் டஃபன் கண்ணாடிக்கு ஹீட் சோக் சோதனை சான்றிதழ் கேளுங்கள். 250 முதல் 300 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால், உடைய வேண்டியது பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும்.

அதனால்தான் உலைக்காரர்கள் டன்னுக்குக் கிராம் கணக்கில் அசுத்தம் பார்க்கிறார்கள். இடிக்கும் கட்டடங்களிலிருந்து தட்டைக் கண்ணாடி உலைக்குத் திரும்புவது அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். அலுமினிய ஃபிரேமைக் காயலான் கடைக்காரர் ஓடிவந்து எடுத்துக்கொள்வார். கண்ணாடியை உடைத்து ரப்பிஷ் குவியலில் தள்ளிவிட்டுப் போவார். கான்கிரீட் தூளோடு கலந்த நிமிடமே அது உலைக்கு ஆகாது.

சைட்டில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கண்ணாடிக்குத் தனித் தொட்டி வையுங்கள், மண்மேல் வைக்காமல் கான்கிரீட் தரையில். தெளிவான ஃப்ளோட்டும் டஃபன்டும் ஒன்றாகப் போகலாம், ரசாயனக் கூட்டு ஒன்றுதான். லேமினேட்டட் தனி, நடுவில் உள்ள பி.வி.பி. பிளாஸ்டிக் தாளை மெஷினில் பிரிக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி, பெயின்ட் அடித்தது, பீங்கான் அச்சுப் போட்டது, கம்பி வைத்தது எதுவும் கூடாது. டிஜியு என்றால் ஸ்பேசரையும் சீலன்ட்டையும் ஓரத்தோடு வெட்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஸ்பேசர் அலுமினியம், மேலே சொன்ன கடுகு மணி அதிலிருந்தும் வரும். தொட்டியில் ‘கண்ணாடி மட்டும்’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். திறந்திருந்தால் சாயங்காலத்துக்குள் டீ கப்பும் பீடித்துண்டும் உள்ளே இருக்கும். லாரி ஏறும்போது எடைச்சீட்டு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பசுமைக் கட்டடச் சான்றுக்குக் கழிவுக் கணக்கு காட்டும்போது அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள்.